நாம படிக்காமலே டெலீட் பண்ற அந்த ஈமெயில்

அமெரிக்கால எந்த யூனிவர்சிட்டில சேர்ந்தாலும் வருஷா வருஷம் ஒரு ஈமெயில் வந்து விழும். மது, போதைப்பொருள் பத்தின ஆண்டு அறிவிப்புன்னு சப்ஜெக்ட்ல இருக்கும், கீழ ஒரு லிங்க், அதைத் திறந்தா பக்கம் பக்கமா ஒரு பிடிஎஃப். நான் எம்எஸ் படிச்ச ரெண்டு வருஷமும் அதைத் திறந்ததே இல்ல. கூட இருந்த மூணு பசங்களும் திறக்கல. நமக்கு எதுக்குடா இது, நாம என்ன ஃப்ராட் ஹவுஸ் (ஃப்ராட்டர்னிட்டிங்கற மாணவர் சங்கத்துப் பசங்க சேர்ந்து தங்கற வீடு) பார்ட்டிக்கா போகப்போறோம்னு ஒரு நெனப்பு.

அப்புறம் ஒரு டிசம்பர் ராத்திரி, ஃபைனல்ஸ் முடிஞ்ச அன்னிக்கு, எங்க அபார்ட்மெண்ட்லயே ஒருத்தன் விழுந்தான். ஊர்ல பீர் கூட தொடாத பையன், வோட்காவை ஸ்ப்ரைட்ல கலந்து ஜூஸ் மாதிரி குடிச்சுட்டு 11 மணிக்கு சோஃபால சாஞ்சவன், 12 மணிக்கு உலுக்கிக் கூப்பிட்டா ஒரு "ம்ம்" கூட வரல. ஒருத்தன் எலுமிச்சம்பழம் புழிஞ்சு வாயில ஊத்தலாம்ங்கறான், இன்னொருத்தன் மோர் குடுங்கறான், நான் போய் "911 அடிக்கலாமா"ன்னு கேட்டதும் எல்லாரும் கப்சிப். "டேய், ஆம்புலன்ஸ் கூட போலீஸும் வரும்டா. விசா போயிரும்டா." இதுல கூத்து என்னன்னா எங்க எல்லாருக்கும் 22, 23 வயசு, சட்டப்படி குடிக்கலாம், குடிச்சது எங்க வீட்டுக்குள்ள, தப்புன்னு ஒண்ணுமே இல்ல, ஆனாலும் முக்கா மணி நேரம் அப்படியே அவனைச் சுத்தி உக்காந்திருந்தோம். கடைசில மேல் வீட்டு சீனியர் அண்ணன் சத்தம் கேட்டு இறங்கி வந்து, அவன் மூச்சு விடற விதத்தைப் பாத்துட்டு எங்களைத் திட்டிக்கிட்டே போன் பண்ணாரு. பையன் பொழச்சான். யார் விசாவும் போகல. மறுநாள்தான் அந்த பிடிஎஃபைத் திறந்தேன், அதுல அந்த ராத்திரிக்கு வேண்டிய பத்தி இருந்துச்சு: உயிருக்கு ஆபத்துன்னு உதவி கூப்பிட்டா, கூப்பிட்டவங்க மேலயும் விழுந்தவங்க மேலயும் யூனிவர்சிட்டி ஒழுங்கு நடவடிக்கை எடுக்காது.

அதுக்கப்புறம்தான் இந்த ரூல் எல்லாம் எங்கிருந்து வந்துச்சு, யார் எழுதினது, எதுக்கு இவ்ளோ மொட்டையா வக்கீல் பாஷைல இருக்குன்னு நோண்ட ஆரம்பிச்சேன்.

மொதல்ல அந்த ஈமெயில். அதை அனுப்பறது யூனிவர்சிட்டியோட நல்ல மனசு இல்ல, சட்டக் கட்டாயம். 1989ல அமெரிக்க பார்லிமெண்ட், அதான் காங்கிரஸ், போதைப்பொருள் இல்லாத பள்ளிகள் சட்டத்துல ஒரு திருத்தம் கொண்டு வந்துச்சு. ஃபெடரல், அதாவது மத்திய அரசுப் பணம் வாங்கற எந்த காலேஜும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒவ்வொரு ஊழியருக்கும் வருஷம் ஒரு தடவை எழுத்துல சொல்லணும்: இங்க என்ன தடை, மீறினா காலேஜ் என்ன பண்ணும், சட்டம் என்ன பண்ணும், உடம்புக்கு என்ன ஆகும், உதவி வேணும்னா எங்க போகணும். இது போக ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை தன்னோட திட்டம் உருப்படியா வேலை செய்யுதா, தண்டனை எல்லாருக்கும் ஒரே மாதிரி விழுதான்னு தானே பரிசோதிச்சு ரிப்போர்ட் எழுதி வெக்கணும். செய்யலன்னா மாணவர் உதவித்தொகை உட்பட ஃபெடரல் பணமே நின்னு போகலாம். அதனாலதான் அந்த பிடிஎஃப் அப்படி இருக்கு, அது மாணவன் படிக்கறதுக்காக எழுதினது இல்ல, ஆடிட் வந்தா காட்டறதுக்காக எழுதினது. அந்த ஆடிட்டும் ஒழுங்கா நடக்கலங்கறது தனிக்கதை: 1998ல இருந்து 2010 வரைக்கும் கல்வித்துறை இதை மேற்பார்வை பண்ணவே இல்லைன்னு அந்தத் துறையோட சொந்த ஆய்வுப் பிரிவே 2012ல போட்டு உடைச்சுது.

இதுக்கு முன்னாடியே ஒரு சட்டம் காலேஜ் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டிருந்துச்சு. 1984ல ரீகன் கையெழுத்துப் போட்ட குடி வயசு சட்டம். வியட்நாம் போர் காலத்துல, 18 வயசுல போருக்கு அனுப்பறீங்க, ஓட்டுப் போட விடறீங்க, பீர் குடிக்க விடக்கூடாதான்னு கேட்டு பல மாநிலங்கள் வயசைக் குறைச்சிருந்தாங்க. ரோட்டுல குடிச்சுட்டு வண்டி ஓட்டி சாகற பசங்க எண்ணிக்கை ஏறினதும், 21ஆ மாத்தலன்னா நெடுஞ்சாலைக்குக் குடுக்கற பணத்துல வெட்டு விழும்னு மாநிலங்களை ஃபெடரல் அரசு மிரட்டுச்சு, சவுத் டகோட்டா மாநிலம் இதை எதிர்த்து அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1987ல தோத்துச்சு, 1988க்குள்ள எல்லா மாநிலமும் 21க்கு வந்துட்டாங்க. ரோட்டு சாவு குறைஞ்சுது, அது உண்மை.

ஆனா கேம்பஸ்க்குள்ள என்ன ஆச்சு? இளங்கலை படிக்கறவங்கள்ல நிறைய பேர் 18ல இருந்து 20 வயசு. இவங்களுக்கு பார்ல இடம் இல்ல, அதனால குடி ரூமுக்குள்ள போச்சு, ஃப்ராட் ஹவுஸ் பேஸ்மெண்டுக்குள்ள போச்சு. வெளிய போனா கிடைக்காதுன்னு கிளம்பறதுக்கு முன்னாடியே வேக வேகமா ஏத்திக்கற ப்ரீகேம்ங்கற பழக்கம் இப்படி வளந்ததுதான்னு சொல்றவங்க நிறைய பேர். பீரை விட வோட்காவை ஒளிக்கறது சுலபம், அதனால சரக்கும் ஸ்ட்ராங்கா மாறுச்சு. 2008ல மிடில்பரி காலேஜ் முன்னாள் தலைவர் ஜான் மெக்கார்டெல் தலைமைல நூத்துக்கும் மேற்பட்ட காலேஜ் தலைவர்கள் "இந்த 21 வயசு சட்டத்தை மறுபடி விவாதிக்கணும்"னு கையெழுத்துப் போட்டாங்க, அமெதிஸ்ட் இனிஷியேட்டிவ்னு பேரு. குடிச்சுட்டு வண்டி ஓட்டறதை எதிர்க்கற அம்மாமார் சங்கம் பொங்கி எழுந்துச்சு, அதோட அந்தப் பேச்சு அடங்கிப் போச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னுதான் எனக்குத் தோணுது, ஆனா ரோட்டுல பொழச்ச உயிரோட கணக்கைத் தாண்டி அந்தத் தலைவர்களால பேச முடியலங்கறது நிஜம்.

இப்போ அந்த சிவப்பு பிளாஸ்டிக் கப்பைப் பாருங்க, எல்லா அமெரிக்கப் படத்துலயும் பார்ட்டின்னா வரும். அது 18 அவுன்ஸ், அதாவது அரை லிட்டருக்கும் மேல. இவங்க கணக்குல "ஒரு டிரிங்க்"னா 14 கிராம் சுத்த ஆல்கஹால்: பீர்னா 355 மில்லி, வைன்னா 150 மில்லி சுமார், வோட்கா விஸ்கின்னா வெறும் 44 மில்லி. அந்தக் கப்புல கண்ணால அளந்து வோட்கா ஊத்தி மேல ஜூஸ் விட்டா அதுல நாலு டிரிங்க் கூட இருக்கும், குடிக்கறவன் தலைல ஒண்ணுன்னுதான் எண்ணிக்குவான். ரெண்டு மணி நேரத்துல ஆணுக்கு 5, பெண்ணுக்கு 4 டிரிங்க் போனாலே அதை பிஞ்ச்னு சொல்றாங்க. கல்லீரல் கரைக்கறது சுமாரா மணிக்கு ஒண்ணு, காபி குடிச்சாலும் சரி, தலைக்குப் பச்சத்தண்ணி ஊத்தினாலும் சரி, அந்த வேகம் மாறாது.

"தூங்கட்டும் விடு, காலைல சரியாயிடும்" - ஆளைக் கொல்ற வாக்கியம் இதுதான். கடைசியா குடிச்ச சரக்கு இன்னும் வயித்துல இருக்கும், ஆள் நினைவிழந்து படுத்த பிறகும் அது ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். அதாவது 12 மணிக்கு நீங்க பாக்கற நிலைமை உச்சம் இல்ல, 1 மணிக்கு இன்னும் மோசமாகலாம். மூளைல மூச்சை நடத்தற பகுதி மந்தமாகும், தொண்டைல எதாவது வந்தா ஓங்கரிச்சுத் தள்ற அனிச்சை வேலை செய்யாது, மல்லாந்து படுத்திருக்கறவன் வாந்தி எடுத்தா அது மூச்சுக்குழாய்க்குள்ள போகும். இப்படி இருக்கறவன் வாயில போய் நாங்க மோர் ஊத்தப் பாத்தோம், நெனச்சா இப்பவும் வயித்தைக் கலக்குது. செய்ய வேண்டியது ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு பக்கத்துலயே இருந்து போன் பண்றது, அவ்ளோதான்.

போன் பண்றதுலதான் எல்லாமே சிக்கும். 1997 செப்டம்பர்ல எம்ஐடில சேர்ந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்த 18 வயசுப் பையன் ஒரு ஃப்ராட் ஹவுஸ் சடங்குல அளவுக்கு மீறி குடிச்சு கோமால விழுந்து செத்துப் போனான். முதல் வருஷப் பசங்களையே ஃப்ராட் வீடுகள்ல தங்க விட்டது உங்க தப்புதானேன்னு குடும்பம் கேட்டுச்சு, 2000ல எம்ஐடி சுமார் 60 லட்சம் டாலர் குடுத்து சமரசம் பண்ணுச்சு, தலைவரே வருத்தம் தெரிவிச்சாரு, 2002ல இருந்து முதல் வருஷ மாணவர்கள் கேம்பஸ் ஹாஸ்டல்லதான் தங்கணும்னு ரூல் மாறுச்சு. அந்த சமயத்துலதான் 1998ல மாணவர் தகவல் ரகசியச் சட்டத்துல ஒரு ஓட்டை போட்டாங்க: 21 வயசுக்குக் கீழ உள்ள மாணவன் மது, போதை ரூலை மீறினா காலேஜ் அப்பா அம்மாக்கு சொல்லலாம். சொல்லணும்னு இல்ல, சொல்லலாம். இதுல காலேஜுக்குக் காலேஜ் வித்தியாசம், சில இடத்துல முதல் தடவையே வீட்டுக்கு லெட்டர் போகும், சில இடத்துல ரெண்டாவது தடவை.

தண்டனையை இறுக்கறது மட்டும் தீர்வு இல்லைன்னு தெளிவா காட்டினது கார்னெல் யூனிவர்சிட்டி. 2000ல அங்க மாணவர்கள்ட்ட கேட்டப்போ, யாரோ ஒருத்தர் அதிகமா குடிச்சு விழுந்ததைப் பாத்து உதவி கூப்பிடலாமான்னு யோசிச்சவங்க 19 சதவீதம், நிஜமா கூப்பிட்டவங்க 4 சதவீதம். 2002ல மெடிக்கல் ஆம்னெஸ்டின்னு ஒரு ஏற்பாடு கொண்டு வந்தாங்க, உதவி கூப்பிட்டா ஒழுங்கு நடவடிக்கை கிடையாது, பதிலா ஆள் தேறினதும் ஹெல்த் சென்டர்ல உக்காந்து பேசணும். ரெண்டு வருஷத்துல அவசர அழைப்பு கூடுச்சு, ஆனா மன்னிப்பு இருக்குன்னு பசங்க அதிகமா குடிக்க ஆரம்பிக்கல. இன்னொரு விஷயமும் தெரிஞ்சுது, கூப்பிடாததுக்கு முதல் காரணம் பயம் இல்லையாம், "இது ஆஸ்பத்திரி போற அளவுக்கு சீரியஸா"ன்னு தெரியாததுதானாம். அதனால வெறும் மன்னிப்பை அறிவிச்சா போதாதுன்னு அறிகுறிகளையும் சேத்து சொல்லிக் குடுத்தாங்க: எழுப்பினா எழல, மூச்சு நிமிஷத்துக்கு எட்டுக்கும் கம்மி, உதடு நீலம், தோல் ஜில்லுன்னு. எங்க அபார்ட்மெண்ட்ல இருந்ததும் இதேதான், பயம் பாதி, தெரியாத்தனம் பாதி.

இப்போ பெரும்பாலான யூனிவர்சிட்டில இது ஏதோ ஒரு பேர்ல இருக்கு. மாநில அளவுலயும் போதை ஓவர்டோஸுக்கு உதவி கூப்பிட்டவங்களைப் பாதுகாக்கற சட்டம் 2007ல நியூ மெக்ஸிகோல ஆரம்பிச்சு பரவுச்சு, நியூயார்க்ல 2011. ஆனாலும் 2017 பிப்ரவரில பென் ஸ்டேட் யூனிவர்சிட்டில டிமோத்தி பியாஸாங்கற 19 வயசுப் பையன், சடங்குக் குடிக்கு அப்புறம் படிக்கட்டுல விழுந்து அடிபட்டுக் கிடந்தப்போ, கூட இருந்தவங்க ஆம்புலன்ஸ் கூப்பிட கிட்டத்தட்ட 12 மணி நேரம் எடுத்துக்கிட்டாங்க. வீட்டுக்குள்ள கேமரா இருந்துச்சு, எல்லாமே பதிவாயிருக்கு. அவன் பேர்லயே 2018ல பென்சில்வேனியா ராகிங் தடைச் சட்டத்தைக் கடுமையாக்குச்சு, அதுலயும் உதவி கூப்பிடறவங்களுக்கு பாதுகாப்புன்னு ஒரு பகுதி இருக்கு.

இந்த ஆம்னெஸ்டி எதுக்கெல்லாம் செல்லாதுங்கறதையும் சொல்லிடணும், ஏன்னா நம்ம பசங்க பாதியைக் கேட்டுட்டுக் கிளம்பிடுவாங்க. சரக்கு வித்தது, அடிதடி, பாலியல் அத்துமீறல், குடிச்சுட்டு வண்டி ஓட்டினது இதுக்கெல்லாம் மன்னிப்பு கிடையாது. சில இடத்துல ஆல்கஹாலுக்கு மட்டும் உண்டு, வேற போதைக்கு இல்ல, சில இடத்துல முதல் தடவைக்கு மட்டும். யூனிவர்சிட்டி மன்னிப்பு யூனிவர்சிட்டியை மட்டும்தான் கட்டுப்படுத்தும், ஊர் போலீஸுக்கு மாநிலச் சட்டம்தான். ஆம்புலன்ஸ் பில்லும் மன்னிக்கப்படாது, அது தனியா வீட்டுக்கு வரும் (எங்களுக்கு வந்த பில்லை நாலு பேரும் பிரிச்சுக் கட்டினோம், கறிவிருந்து ஒண்ணு ரெண்டு மாசம் கட்). சில கேம்பஸ்ல மாணவர்களே நடத்தற ஆம்புலன்ஸ் இருக்கும், தலைநகர் வாஷிங்டன்ல ஜார்ஜ்டவுன் யூனிவர்சிட்டில அது இலவசம், உங்க இடத்துல உண்டான்னு ஒரு தடவை பாத்து வெச்சுக்கோங்க.

கஞ்சா விஷயம் இன்னும் குழப்பம். 2012ல கொலராடோ மாநிலமும் வாஷிங்டன் மாநிலமும் பெரியவங்க பொழுதுபோக்குக்கு கஞ்சா வெச்சுக்கலாம்னு ஓட்டுப் போட்டாங்க, அப்புறம் வரிசையா பல மாநிலம். ரோட்டுல கடை, போர்டு, டிஸ்கவுண்ட் எல்லாம் உண்டு. ஆனா ஃபெடரல் சட்டத்துல அது குற்றம்தான், மேல சொன்ன 1989 சட்டமும் ஃபெடரல்தான், அதனால கடைல லீகலா வாங்கின பொட்டலத்தை ஹாஸ்டல் வாசப்படிக்கு உள்ள கொண்டு வந்தா ரூல் மீறல். டாக்டர் எழுதிக் குடுத்த கஞ்சாவா இருந்தாலும் இதே கதைதான்.

தண்டனை, மன்னிப்பு ரெண்டும் போக மூணாவதா ஒரு பக்கம் இருக்கு, எனக்கு அதுதான் உருப்படியா தெரியுது. வாஷிங்டன் மாநிலத்து யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன்ல ஆலன் மார்லட்டும் கூட இருந்தவங்களும் உருவாக்கின பேசிக்ஸ்ங்கற முறை, ரெண்டு சிட்டிங், பிரசங்கம் கிடையாது, நீ எவ்ளோ குடிக்கறன்னு கேட்டு உன் கேம்பஸ்ல மத்தவங்க நிஜமா எவ்ளோ குடிக்கறாங்கன்னு பக்கத்துலயே போட்டுக் காட்டுவாங்க. எல்லாரும் நம்மள மாதிரிதான் குடிக்கறாங்கன்னு நெனச்சவனுக்கு அங்கதான் ஷாக், ஏன்னா மாணவர்கள் மத்தவங்க குடியை எப்பவுமே கூட்டித்தான் மதிப்பிடறாங்கன்னு பெர்கின்ஸ், பெர்கோவிட்ஸ்னு ரெண்டு பேர் 1986லயே காட்டிட்டாங்க. டார்ட்மவுத் 2015ல, ஸ்டான்ஃபோர்ட் 2016ல, இப்படி ஸ்ட்ராங் சரக்குக்கு மட்டும் கட்டுப்பாடு போட்டுப் பாத்தவங்களும் உண்டு. அப்புறம் குடியை விட்டவங்களுக்கான ஹாஸ்டல், கேக்கவே புதுசா இருக்கும், ஆனா ரட்கர்ஸ் யூனிவர்சிட்டில 1988லயே ஆரம்பிச்சுட்டாங்க, சனிக்கிழமை ராத்திரி ஃப்ளோர் முழுக்க பீர் வாசம் அடிக்கற இடத்துல ஒருத்தன் எப்படி குடிக்காம இருக்க முடியும்ங்கற எளிமையான யோசனைதான் அது.

மாத்திரை பத்தி சுருக்கமா. பரீட்சை நேரத்துல தூங்காம படிக்க ஒருத்தன் குடுக்கற ஆடரால் (கவனக் குறைபாட்டுக்கு டாக்டர் எழுதற மாத்திரை), பிரிஸ்க்ரிப்ஷன் இல்லாம வாங்கினாலே அது குற்றம், அதை விடுங்க, அது ஆடராலாவே இல்லாம இருக்கலாம்ங்கறதுதான் இப்போ பயம். அச்சு அசலா போலி மாத்திரை அடிச்சு உள்ள ஃபெண்டனில்ங்கற படு வீரியமான வலி மருந்தைக் கலக்கறாங்க, 2 மில்லிகிராம் ஆளைக் கொல்லப் போதும், பென்சில் முனைல நிக்கற அளவு. 2022 மே மாசம் ஒஹாயோ ஸ்டேட் யூனிவர்சிட்டில மாணவர்கள் இறந்தப்போ யூனிவர்சிட்டி போலி ஆடரால் பத்தி அவசர எச்சரிக்கை அனுப்புச்சு. அதுக்கப்புறம் கேம்பஸ்கள்ல இந்த மாதிரி ஓவர்டோஸை முறிக்கற நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே பரவலா வந்துருச்சு, கலிஃபோர்னியால சட்டமே போட்டாங்க, 2023 மார்ச்ல ஃபெடரல் மருந்து ஆணையம் இதை மருந்துச் சீட்டு இல்லாமலே விக்கலாம்னு அனுமதியும் குடுத்துருச்சு.

இப்போ நம்மாளுங்க முக்கியமா கேக்கற கேள்வி, யார்கிட்ட சொன்னா எங்க போகும்? ஹாஸ்டல் ஃப்ளோரைப் பாத்துக்க யூனிவர்சிட்டி வேலைக்கு வெச்சிருக்கற மாணவர், அதான் ஆர்ஏ, உங்க ஃப்ரெண்டா இருக்கலாம், ஆனா அவர் பாத்ததை ரிப்போர்ட் பண்ணியே ஆகணும், அது அவர் வேலை. ப்ரொஃபசர்கிட்ட பேசறதும் ரகசியம் இல்ல. கவுன்சலிங் சென்டர்ல இருக்கற கவுன்சலர், ஹெல்த் சென்டர் டாக்டர், இவங்ககிட்ட சொல்றது ரகசியம், உயிராபத்து மாதிரி சில விதிவிலக்கு தவிர. கவுன்சலிங்குக்குப் போனா இன்டர்நேஷனல் ஆஃபீஸுக்குத் தெரிஞ்சுரும், அங்கிருந்து விசா ஆஃபீஸுக்குப் போயிரும்னு ஜூனியர் பசங்க இன்னமும் நம்பறாங்க. இல்லப்பா, அப்படி ஒரு பைப்லைன் கிடையாது.

விசாவைத் தொடறது வேற. குடிச்சுட்டு வண்டி ஓட்டி அரெஸ்ட் ஆனா, கேஸ் முடியறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட்ல இருக்கற விசாவை ரத்து பண்ண முடியும், 2015ல இருந்து அப்படி ஒரு நடைமுறை இருக்கு. பல வருஷமா அப்படி ஆனவங்க அமெரிக்கால தொடர்ந்து படிக்க முடிஞ்சுது, 2025ல இருந்து அதுவும் உறுதி இல்ல, ஊருக்குப் போனா சென்னை கான்சுலேட்ல மறுபடி வரிசைல நின்னு, மெடிக்கல் டெஸ்டும் முடிச்சுட்டுதான் திரும்ப முடியும். போதைப்பொருள் குற்றத் தீர்ப்பு வந்தா நாடு கடத்தவே சட்டம் இருக்கு, சொந்த உபயோகத்துக்கு வெச்சிருந்த 30 கிராமுக்குள்ள கஞ்சான்னு ஒரே ஒரு தடவைக்கு மட்டும் அதுல விலக்கு, அந்த விலக்கும் வெளிய போயிட்டு திரும்பி நுழையும்போது காப்பாத்தாது. இன்னும் சொன்னா, தண்டனையே இல்லாம, நான் கஞ்சா வெச்சிருந்தேன்னு அதிகாரிகிட்ட வாயால ஒத்துக்கிட்டா கூட சிக்கல் வரலாம். கொலராடோல கடைல வாங்கினேன், லீகல்தானேன்னு வெள்ளந்தியா சொல்லிடக்கூடாது, வக்கீலைப் பாக்காம எதுவும் பேசாதீங்க. யூனிவர்சிட்டி தண்டனைல எச்சரிக்கை, கிளாஸ், கட்டுரை எழுதுங்கறது எதுவும் விசாவைத் தொடாது. ஆனா சஸ்பென்ஷன்னா தொடும், முழு நேர மாணவனா இல்லைன்னா செவிஸ்ங்கற, வெளிநாட்டு மாணவர்களைக் கணக்கு வெக்கற அரசு சிஸ்டத்துல இருக்கற ரெக்கார்டை மூடித்தான் ஆகணும்.

அதனால யாருக்காவது குடியோ மனசோ கைமீறிப் போகுதுன்னா, கிளாஸுக்குப் போகாம அட்டெண்டன்ஸ் போய் கிரேடு போய் கடைசில மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வழி இருக்கு, எஃப்-1, அதாவது படிப்பு விசால இருக்கற மாணவர் மெடிக்கல் காரணத்துக்காக கோர்ஸைக் குறைச்சுக்கலாம், ஏன் ஒரு செமஸ்டர் ஒண்ணுமே எடுக்காமலும் இருக்கலாம், ஒரு டிகிரி லெவலுக்கு மொத்தம் 12 மாசம் வரைக்கும், ஸ்டேட்டஸ் அப்படியே இருக்கும். லைசென்ஸ் உள்ள டாக்டரோ கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டோ லெட்டர் குடுக்கணும், என்ன வியாதின்னு விவரமா எழுதணும்னு கூட இல்ல, மெடிக்கல் காரணத்துக்காக குறைக்கறது நல்லதுன்னு இருந்தா போதும். ஒரே விஷயம், வரிசை மாறக்கூடாது: மொதல்ல லெட்டர், அப்புறம் இன்டர்நேஷனல் ஆஃபீஸ் செவிஸ்ல அனுமதி போடணும், அதுக்கப்புறம்தான் கோர்ஸை டிராப் பண்ணணும். கோர்ஸை டிராப் பண்ணிட்டு அப்புறம் லெட்டர் கொண்டு போனா அந்த இடைப்பட்ட நாள்லயே ஸ்டேட்டஸ் போயிருக்கும்.